அழியாத ஏட்டில் யார் எழுதுவது?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஐந்து ஏக்கர் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் விவசாயிக்கு இன்று இரண்டு வயல்கள் உள்ளன. ஒன்று, அவர் உழுது, விதைத்து, களை எடுத்து, மழையை எதிர்பார்த்து நிற்கும் வயல். மற்றொன்று கணினிக்குள் இருக்கும் வயல். அதிலும் புல எண் உண்டு, பரப்பு உண்டு, எல்லைக்கோடு உண்டு, இந்தப் பருவத்தில் நிற்கும் பயிர் இன்னது என்ற குறிப்பும் உண்டு. முதல் வயலில் விளைவது களத்துக்கு வருகிறது. ஆனால் பயிர்க்கடனும், பயிர்க் காப்பீடும், இயற்கைச் சீற்ற நிவாரணமும், பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகையும் இரண்டாவது வயலைப் பார்த்தே வழங்கப்படும் நிலை வந்துகொண்டிருக்கிறது.

மேல்நாட்டு விஞ்ஞானிகள் இந்த இரண்டாவது வயலை 'டிஜிட்டல் ட்வின்' என்கின்றனர். உண்மைப் பொருள் ஒன்றுக்குக் கணினியில் பிறந்த இரட்டைப் பிள்ளை என்பது அதன் பொருள். முதலில் விமான எஞ்சின்களுக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் இத்தகைய இரட்டையை உருவாக்கினர். இயந்திரத்தில் பொருத்திய உணர்கருவிகள் வெப்பம், அதிர்வு முதலியவற்றை ஓயாமல் தெரிவிக்க, கணினியில் உள்ள இரட்டையைப் பார்த்தே பழுது வரப்போவதை அறிந்துகொள்ள முடிந்தது. அதே முறை இப்போது வயலுக்கும் வந்திருக்கிறது. விவசாயிகளுக்கு எளிதாக விளங்க, இதனை நிழல் வயல் எனலாம்.

நிழல் வயலுக்கான அடித்தளம் தமிழ்நாட்டில் போடப்பட்டு விட்டது. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவ மாணவியரைக் கொண்டு செல்போன் மூலம் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. 2025 பிப்ரவரி முதல் கிராமந்தோறும் முகாம் நடத்தி, விவசாயிகளின் ஆதார் எண்ணையும் நில விவரத்தையும் இணைத்து, ஒவ்வொருவருக்கும் 11 இலக்கத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணி தொடங்கியது. நிலத்துக்கே 14 இலக்க எண் கொடுக்கும் திட்டமும் நாடு முழுவதும் நடைபெற்று வருகிறது. இவற்றுக்கு அடுத்த படியாக, இந்தப் பதிவுகளை எவரும் அழிக்க முடியாத 'பிளாக்செயின்' என்னும் சங்கிலிப் பேரேட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்துள்ளது. நல்ல யோசனைதான். ஆனால் பூட்டுவதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

சங்கிலிப் பேரேடு என்பது என்ன?

பழைய மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையின் வழக்கத்தைப் பலரும் பார்த்திருப்பர். ஒரு பக்கம் முடிந்ததும் அடியில் கூட்டுத்தொகை போடுவார். அதே தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் முன்பக்கத் தொகை என்று எழுதித் தொடங்குவார். பத்தாம் பக்கத்தில் யாராவது ஒரு எண்ணைத் திருத்தினால், பதினொன்று முதல் கடைசிப் பக்கம் வரை எதுவும் ஒத்துவராது. சங்கிலிப் பேரேட்டின் சூட்சுமமும் இதுவே. ஒவ்வொரு பக்கத்தில் உள்ள எழுத்துகளையும் எண்களையும் கொண்டு கணினி ஒரு நீண்ட முத்திரை எண்ணைக் கணக்கிடுகிறது. அந்த முத்திரை அடுத்த பக்கத்தின் தலையில் ஏறுகிறது. ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை மாறிவிடும்.

இரண்டாவது சூட்சுமம், பேரேடு ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிய பாலின் அளவு சங்கப் பதிவேட்டிலும் எழுதப்படுகிறது. உறுப்பினரின் அட்டையிலும் எழுதப்படுகிறது. சங்கத்தில் மட்டும் திருத்தினால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். சங்கிலிப் பேரேட்டில் இரண்டு பிரதிகளுக்குப் பதிலாகப் பத்தோ நூறோ பிரதிகள் பல இடங்களில் இருக்கும். பெரும்பான்மைப் பிரதிகள் ஒப்புக்கொண்டால்தான் புதிய பக்கம் சேரும். தனி ஒருவரின் கையில் கணக்கு இல்லை என்பதே இதன் பெருமை.

இது எங்கோ நடக்கும் சங்கதி அன்று. தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. மாநில மின்னாளுமை முகமை 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் இதற்கான கட்டமைப்பையும் ஏற்படுத்தியது. இந்திய காபி வாரியம், காபிக் கொட்டை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதை வாங்குவோர் அறிந்துகொள்ளும் வகையில் 2019 மார்ச்சில் இம்முறையில் ஒரு சந்தையைத் தொடங்கியது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் விதை வினியோகத்தைக் கண்காணிக்க இதனைக் கையாண்டனர். சத்தீஸ்கரின் தண்டேவாடா மாவட்டத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நில ஆவணங்களை இவ்வாறு ஏற்றியதாக 2025-ல் அறிவிக்கப்பட்டது.

கர்ணம் காலத்துக் கணக்கு

ஒருவர் கையில் மட்டும் கணக்கு இருந்தால் என்ன நேரும் என்பது கிராமத்து முதியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கர்ணம் எழுதியதே கணக்கு என்றிருந்த காலம் அது. பரம்பரையாக வந்த கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். ஏடு கைமாறியது. ஆனால் ஏட்டில் இருந்தது அப்படியே கைமாறியது என்பதையும் மறக்கலாகாது.

அதே காலத்தில்தான், 1979-ல் தொடங்கி 1980-களில் நடந்த நிலப் பதிவேடு புதுப்பிக்கும் பணி வந்தது. யு.டி.ஆர். என்ற மூன்றெழுத்தைக் கேட்டாலே முகம் சுளிக்கும் குடும்பங்கள் இந்த இரு மாவட்டங்களிலும் உண்டு. அண்ணன் பெயரில் தம்பியின் பங்கும் சேர்ந்து போனது, பூர்வீக நிலம் அடுத்தவர் பெயரில் ஏறியது, கூட்டுப் பட்டாவில் ஒரு பெயர் விட்டுப் போனது, பரப்பில் சென்ட் கணக்கு மாறியது என்று பலவகைப் பிழைகள். நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட பணிதான். இருந்தும், நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் யு.டி.ஆர். பிழைத் திருத்தம் கோரும் மனுக்கள் ஓயவில்லை. மனு கொடுத்தவர் காலமாகி, மகன் அலைந்து, இப்போது பேரன் அலைகிறான்.

பிழை தாளில் இருந்தபோது அது கிராமக் கணக்கின் பிழை. தாளிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது அதுவே இணையவழிப் பட்டாவின் பிழையாயிற்று. அங்கிருந்து விவசாயி அடையாள எண்ணுக்கு அது போயிருக்கிறது. இனி சங்கிலிப் பேரேட்டில் ஏறினால், எவராலும் அழிக்க முடியாத பிழையாகிவிடும். பொய்யை அழியாமல் காப்பாற்றும் திறமை இந்தப் பேரேட்டுக்கும் உண்டு. அது எழுதியதைக் காக்குமே தவிர, எழுதியது மெய்யா என்று கேட்காது.

அரியலூர் மாவட்டத்து ஆவணங்கள் ஏறி இறங்கிய அலுவலகங்களை எண்ணிப் பார்த்தால் இந்த அச்சம் மிகையல்ல என்பது புலப்படும். திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-ல் மீண்டும் பெரம்பலூருடன் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஒவ்வொரு முறையும் கட்டுகள் மூட்டை கட்டப்பட்டு வண்டி ஏறின. யு.டி.ஆர். விசாரணைத் தாளைத் தேடி இன்று ஒரு விவசாயி அரியலூரில் தொடங்கி, பெரம்பலூரைக் கடந்து, திருச்சி வரை செல்ல வேண்டியிருந்தால் வியப்பில்லை.

ஏடு ஒன்று, நிலம் வேறொன்று என்பதற்கு ஜெயங்கொண்டத்தைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் அங்குள்ள பல கிராமங்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. சுரங்கம் தோண்டப்படவே இல்லை. முந்திரியும் கடலையும் பழையபடி விளைந்துகொண்டிருந்தன. ஏட்டில் மட்டும் நிலம் அரசுடையது. அதைக் காட்டிக் கடன் பெறவோ, பாகம் பிரிக்கவோ, மகள் திருமணத்துக்கு விற்கவோ வழியில்லாமல் குடும்பங்கள் தவித்தன. இழப்பீட்டு வழக்குகள் நீண்டன. கால் நூற்றாண்டு கழித்தே, நிலத்தை உரியவர்களிடம் திருப்பித் தர அரசு முடிவு செய்தது. அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நிழல் வயல் ஒன்று இருந்திருந்தால், அது தரிசு என்றும் சுரங்கப் பகுதி என்றும் துளியும் பிசகாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும்.

கருவியும் கரிசலும்

ஆவணம் இருக்கட்டும். வயலில் நடும் கருவியாவது உண்மை பேசுமா என்று பார்த்தால், அங்கும் கவனம் தேவைப்படுகிறது. மண் ஈரத்தை அளந்து செல்போனுக்குச் சொல்லும் உணர்கருவிகள் இப்போது கடைக்கு வந்துவிட்டன. செம்மண்ணில் இவை ஒழுங்காக வேலை செய்கின்றன. வேப்பந்தட்டை, வேப்பூர் வட்டாரங்களின் கரிசலில் சங்கதி வேறு. கரிசல் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் குணமுடையது. கருவியைச் சுற்றிய மண் விலகி, இடையே காற்றிடைவெளி உண்டாகிறது. அப்போது கருவி அளப்பது மண்ணின் ஈரத்தையன்று. வெடிப்பில் உள்ள காற்றைத்தான். இரண்டு சாண் தள்ளி வேர் மண்டலத்தில் போதிய ஈரம் இருக்கையிலேயே, பயிர் வாடுகிறது என்று அது செய்தி அனுப்பும். கரிசலுக்கெனத் தனியே அளவு திருத்தம் செய்யாத கருவியின் பேச்சை நம்பி நீர் பாய்ச்சுவதோ, அதன் கணக்கை அழியாத ஏட்டில் ஏற்றுவதோ கூடாது. விற்பவர் வயலுக்கே வந்து, ஒரு பிடி மண்ணை எடுத்துக் காய வைத்து எடை பார்த்து, கருவி காட்டும் அளவுடன் ஒப்பிட்டுக் காட்டினால் வாங்கலாம்.

செயற்கைக்கோளின் கண்ணுக்கும் இத்தகைய குறைகள் உண்டு. சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோள் மேகத்தைத் துளைத்துப் பார்க்காது. இந்த வட்டாரத்தின் முக்கியப் பருவமோ வடகிழக்குப் பருவமழைக் காலம். செட்டிகுளம் பகுதியில் பயிராகும் சின்ன வெங்காயம் அறுபத்தைந்து, எழுபது நாள்களில் முடிந்துபோகும் பயிர். மேகம் விலகிப் படம் கிடைப்பதற்குள் வெங்காயம் பட்டறைக்குப் போய்விடலாம். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. ஆனால் பருத்தி நடுவே உளுந்தும், வரப்போரம் ஆமணக்கும், ஓர் அரை ஏக்கரில் மூன்று பயிரும் வைக்கும் சிறு விவசாயியின் வயலை வானத்திலிருந்து பிரித்தறிவது இன்னும் கடினமான காரியமே. பெரும் பண்ணைகளுக்கு ஏற்ற கண்ணாடியைச் சிறு வயலுக்கு மாட்டுகின்றனர்.

மழைமானி விஷயமும் இதைப் போன்றதே. இலங்கையில் 2019-ல் ஆக்ஸ்பாம், ஏயான், ஈத்தரிஸ்க் ஆகிய அமைப்புகள் சேர்ந்து நெல் விவசாயிகளுக்குச் சங்கிலிப் பேரேட்டு முறையில் காப்பீடு வழங்கின. இதில் வானிலை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், விண்ணப்பமோ சேத ஆய்வோ இன்றி, எழுதி வைத்த நிபந்தனைப்படி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. அலுவலகப் படி ஏறி இறங்கும் அவலம் இல்லை. கடந்த பருவத்து இழப்பீடு இந்தப் பருவ விதைப்புக்குள் வராதா என்று ஏங்கும் விவசாயிக்கு இது பெரிய வரப்பிரசாதம். மறுக்க முடியாது. எனினும் பச்சைமலை அடிவாரத்தில் கொட்டும் மழை குன்னம் பக்கம் தூறலாகக்கூட எட்டாத நாள்கள் உண்டு. மானி இருக்கும் ஊரில் பெய்து, பயிர் இருக்கும் ஊரில் பெய்யாவிட்டால், நிபந்தனை நிறைவேறவில்லை என்று பேரேடு கையை விரித்துவிடும். அதனிடம் முறையிட ஓர் ஆள் இல்லை. ஆள் இல்லாமை சில வேளை வரம், சில வேளை சாபம்.

கொள்முதல் நிலையத்து ஈரப்பத மானிக்கும், வியாபாரியின் தராசுக்கும் இதே விதி. மக்காச்சோளத்தின் ஈரம் 14 சதவீதமா 17 சதவீதமா என்பதில்தான் மூட்டைக்கு இவ்வளவு என்று கழிவு பிறக்கிறது. மானி தவறாகக் காட்டினால் தவறான எண்ணே நூறு பிரதிகளில் ஏறும். எடைக்கல்லுக்கு முத்திரை பதிப்பது போல, உணர்கருவிகளுக்கும் ஆண்டுதோறும் சோதனை முத்திரை வேண்டும் என்ற கோரிக்கையை விவசாயிகள் இப்போதே எழுப்ப வேண்டும்.

முடிவு எடுப்பவர் யார்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். ஏடு பல இடங்களில் இருப்பதாலேயே அதிகாரமும் பல இடங்களில் இருக்கும் என்று எண்ணுவது தவறு.

2016-ல் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சான்று. ஈத்தரியம் என்ற சங்கிலிப் பேரேட்டில், தலைவரும் நிர்வாகியும் இல்லாமல் எழுதி வைத்த விதிகளே ஆளும் என்று ஒரு பொது நிதியைத் தொடங்கினர். விதியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் 36 லட்சம் ஈத்தர் காசுகளை வெளியே இழுத்துவிட்டார். விதிப்படி பார்த்தால் அது திருட்டே அல்ல! பல வாரங்கள் வாதப் பிரதிவாதம் நடந்து, ஜூலை மாதத்தில் பெரும்பான்மையோர் சேர்ந்து ஏட்டையே பின்னோக்கித் திருத்தி, பணத்தை மீட்டனர். அழியாத ஏடு என்று சொன்ன பின் திருத்தலாகாது என மறுத்தவர்கள் பழைய ஏட்டுடன் தனியே பிரிந்து போயினர். ஆகவே, திருத்த முடியாது என்பதெல்லாம் சிறியவர்களுக்குச் சொல்லும் பேச்சு. பெரியவர்களுக்கு நஷ்டம் வந்தால் திருத்த வழி பிறக்கிறது. பிழைத் திருத்தத்துக்கு அலையும் விவசாயிக்கும் அந்த வழி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட வேண்டும்.

மற்றொரு சம்பவம் கப்பல் வாணிபத்தில் நடந்தது. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான மேர்ஸ்க், ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து சரக்குப் பெட்டிகளின் கணக்கை எல்லோருக்கும் பொதுவான பேரேட்டில் வைக்க முன்வந்தது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் போட்டியாளர் நடத்தும் ஏட்டில் தங்கள் கணக்கை எழுத மற்றவர்களுக்குத் தயக்கம். போதிய ஒத்துழைப்புக் கிடைக்காமல், 2022 நவம்பரில் கடையைக் கட்டுவதாக அறிவித்தனர். ஏட்டின் சொந்தக்காரர் யார் என்பதைப் பார்த்தே மற்றவர்கள் அதை நம்புகிறார்கள். உரமும் விதையும் மருந்தும் விற்று, விளைபொருளையும் வாங்கும் ஒரு கம்பெனி, விவசாயிக்கு இலவசமாக நிழல் வயல் அமைத்துத் தருகிறேன் என்று வந்தால், இந்தக் கப்பல்காரர்களின் தயக்கம் நினைவுக்கு வர வேண்டும்.

வாக்குரிமை பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய பேரேடுகள் பலவற்றில், அதிகக் காசு வைத்திருப்பவருக்கு அதிக வாக்கு. நூறு ஏக்கர்காரருக்கு நூறு வாக்கு, ஓர் ஏக்கர்காரருக்கு ஒன்று என்பது போன்றது இது. தமிழ்நாட்டின் கூட்டுறவு மரபு வேறு. 1904-ல் திரூரில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கிய காலம் தொட்டு, பங்கு எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவின் அடிப்படை. உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளிலும் தனிநபர் உறுப்பினர்களுக்கு அவ்வாறே சட்டம் வகுத்துள்ளது. எனவே சங்கிலிப் பேரேட்டின் பிரதிகளைச் சென்னையிலும் டெல்லியிலும் உள்ள அலுவலகங்களில் மட்டும் வைப்பது பொருந்தாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும், அந்த வட்டார உழவர் உற்பத்தியாளர் கம்பெனியிலும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும். அவர்கள் ஒப்பாமல் புதிய பக்கம் சேரக்கூடாது. ஒரு கணினியும் ஒரு படித்த இளைஞரும் போதும். இதற்குப் பெரிய செலவு இல்லை. பிட்காயின் போன்ற காசுப் பேரேடுகள் விழுங்கும் மின்சாரத்தைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. அறிந்த உறுப்பினர்கள் மட்டும் எழுதும் இவ்வகைப் பேரேட்டுக்கு அந்தச் செலவு கிடையாது.

பழங்காலத்து ஊராட்சியிலும் இந்தப் பிரச்சினை இருந்தது என்பது சுவையான செய்தி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை மூலம் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுக்கும்போது, முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. கல்லில் வெட்டிய எழுத்து அழியாதது. அதில் அவர்கள் வெட்டியது விதியை. ஆண்டுக் கணக்கை ஓலையில் எழுதினார்கள், ஆளை மாற்றினார்கள். எது நிலையாக இருக்க வேண்டும், எது திருத்தத்துக்கு உரியது என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. ஆனால் அதிலும் ஒரு குறை. கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் உள்ளவருக்கே ஓலையில் பெயர். உழுதவன் பெயர் குடத்துக்குள் விழவே இல்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் அதே குறை. 2025-ல் தொடங்கிய அடையாள எண் பதிவில் முதற்கட்டமாகப் பட்டா உள்ளவர்களே சேர்க்கப்பட்டனர். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்வோர், கோயில் நிலத்தில் உழுவோர், தாத்தா பெயரில் பட்டா இருக்கப் பாகம் பிரிக்காமல் உழும் பேரன்கள், கணவர் வெளிநாட்டில் இருக்க வெள்ளாமை முழுவதையும் பார்க்கும் பெண்கள் ஆகியோர் நிழல் வயலில் இல்லை. 2018-ல் மக்காச்சோளத்தைப் படைப்புழு அழித்தபோது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. விதையும் மருந்தும் கடன் வாங்கிப் போட்டவர் ஒருவர், பட்டாதாரர் மற்றொருவர் என்றிருக்கும் வயலில், பணம் பட்டாதாரர் கணக்குக்கே போய்ச் சேரும் ஏற்பாட்டை அழியாத ஏட்டில் எழுதி வைத்தால், அடுத்த புழுவோ புயலோ வரும்போது உழுதவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரும். குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நில உடைமையாளரின் மனம் கோணுமே என்று அஞ்சிப் பதிவு செய்யாதோர் ஏராளம். உரிமைப் பதிவு வேறு, இந்தப் பருவத்தில் பயிரிட்டவர் யார் என்ற பதிவு வேறு என்று இரண்டையும் பிரித்து, இரண்டாவதை ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லுபடியாகும்படி எழுதினால், இந்த அச்சம் ஓரளவு தீரும். சங்கிலிப் பேரேட்டில் இதற்கு வசதி உண்டு. செய்ய மனம்தான் வேண்டும்.

இடையே செல்போனில் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரவு மின்சாரம் வரும்போது பாம்புக்கும் இருட்டுக்கும் அஞ்சிக் கிணற்றுக்கு ஓடாமல் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட முடிவது நல்ல வசதி. அரசு மானியமும் தருகிறது. ஆனால் சில வகைகள் கம்பெனியின் கணினி வழியாகவே கட்டளையைப் பெறுகின்றன. அந்தக் கம்பெனி மூடிவிட்டால் ஸ்டார்ட்டர் வெறும் தகரப் பெட்டி. அமெரிக்காவில் ஜான் டியர் டிராக்டரின் கணினிப் பூட்டைத் திறக்க முடியாமல், சொந்த டிராக்டரைத் தாமே பழுது பார்க்க இயலாத விவசாயிகள் போராடினர். 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையமே அக்கம்பெனி மீது வழக்குத் தொடர்ந்தது. ஆகவே கைச்சுவிட்சு தனியாக உள்ள ஸ்டார்ட்டரையே வாங்குவது நலம்.

2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தவறான விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமையை வகுத்துள்ளது. அழியாத ஏடும் இந்த உரிமையும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஒரு வழி உண்டு. பழைய பதிவை அழிக்காமல், 'இது பிழை, சரியானது இன்னது, இன்ன தேதியில் இன்னார் ஆணைப்படி' என்று புதிய பக்கம் சேர்ப்பதும், கடனுக்கும் காப்பீட்டுக்கும் கடைசிப் பக்கத்தையே பார்ப்பதும் அந்த வழி. கிராமக் கணக்கில் அடித்து எழுதிச் சுருக்கொப்பம் இடுவது போன்றதே. ஆனால் அந்த ஆணை எத்தனை நாளில் பிறக்க வேண்டும் என்ற கெடுவையும் விதியில் எழுத வேண்டும். கெடு தாண்டினால் மனுதாரர் சொல்வதே தற்காலிகமாக ஏற்கப்படும் என்று எழுதினால், கோப்புகள் தாமாகவே நகரும்.

வயல் விவரத்தை ஊரார் சரிபார்க்கும் பழக்கம் புதிதல்ல. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் தணிக்கைக்கு வருகின்றன. ஆனால் அது பசலி முடியும் மே, ஜூன் மாதங்களில் நடப்பது. அப்போது வயலில் கட்டைகூட இருக்காது. அடங்கலில் பருத்தி என்றிருந்து, நின்றது மக்காச்சோளம் என்றால் அப்போது காட்டுவதற்கு என்ன இருக்கிறது? புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளமும் பருத்தியும் வயலில் நிற்கையிலேயே ஊர் கூடும் நாள் ஒன்று இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். அவற்றுள் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கூட்டமும் ஒன்று. பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். கிராம சபையோ மன்றத்தைப் போல் கலைந்து போவதன்று. வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பின் பட்டியலைப் புல எண் வாரியாக அச்சிட்டு, ஒரு வாரம் முன்னதாக ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் ஒட்டி, நவம்பர் 1-ல் வாசித்து, மறுப்பு உள்ளவற்றைத் தனியே குறித்து, மறுப்பில்லாதவற்றை மட்டும் ஏட்டில் ஏற்றினால் போதும். மறுப்பு எழுந்த வயலுக்குக் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் உற்பத்தியாளர் கம்பெனியின் ஒருவரும் பத்து நாளில் நேரில் சென்றுவரலாம். தை அறுவடைக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்.